ஆயிரத்தில் ஆறரை

அணு உலையை எப்படி அடக்கி வைக்கிறார்கள் என்று கேட்டால், நியூட்ரான்களை விழுங்கும் கேட்மியத் தண்டுகளையும் போரான் தண்டுகளையும் காட்டுவது வழக்கம். அது சரியான விடைதான். ஆனால் பாதி விடை. தண்டு இறங்க நேரம் வேண்டும். யுரேனியம்-235 அணுக்கரு ஒருமுறை பிளந்தால் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிவருகின்றன. தண்ணீரில் வேகம் தணிக்கும் உலையில் ஒரு நியூட்ரான் பிறந்து, அலைந்து, அடுத்த பிளவை உண்டாக்கச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு விநாடி போதும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே கூடினாலும், ஒரே விநாடியில் நியூட்ரான் எண்ணிக்கை 22,000 மடங்காகிவிடும். எந்த மோட்டாரும் எந்த மனிதக் கையும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் நடப்பது வேறு. அதே அளவு கூடுதலோடு ஓடும் உலை மூன்று மடங்காவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பிளவில் பிறக்கும் ஆயிரம் நியூட்ரான்களில் ஆறரை மட்டும் பிளவு நடந்த கணத்தில் வராமல், பல விநாடிகள் கழித்து வருவதுதான் இதற்குக் காரணம். மீதி 993½ நியூட்ரான்கள் மட்டும் தம்மால் தொடர்வினையை நடத்த முடியாத நிலையில் உலையை வைத்திருக்கும்வரை, பிந்தி வரும் அந்த ஆறரைதான் உலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்ததற்கு வரலாறு கொடுத்திருக்கும் இடத்துக்குக் குறையாத இடம், இந்தச் சிறு பங்கைப் பொறுமையாக அளந்து வந்த தொழிலுக்கும் உண்டு என்பதே என் வாதம்.

பெர்லினில் ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்டிராஸ்மனும் 1938 டிசம்பரில் கண்ட வேதியியல் விடையை அணுக்கருப் பிளவு என்று லீஸ் மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும் விளக்கிய சில வாரங்களிலேயே இந்தத் தொழில் தொடங்கிவிட்டது. 1939 ஜனவரி கடைசியில் வாஷிங்டனில் நடந்த இயற்பியல் மாநாட்டில் நீல்ஸ் போர் அந்தச் செய்தியைச் சொன்னார். அதே நகரில் கார்னகி நிறுவனத்தின் நிலக்காந்தத் துறையில் வேலை செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவினர் இரண்டே நாளில் பிளவை நடத்திக் காட்டினார்கள். அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. முடுக்கியிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையை நிறுத்திய பிறகும் யுரேனியத்திலிருந்து நியூட்ரான்கள் வந்துகொண்டிருப்பதைக் கவனித்தார்கள். ராபர்ட்ஸ், மேயர், வாங் மூவரும் எழுதிய சிறு கடிதம் 1939 மார்ச் முதல் நாள் இதழில் அச்சானது. அந்த நியூட்ரான்கள் சுமார் 12.5 விநாடிக் காலத்தில் தேய்கின்றன என்றும், பிழை வரம்பு 3 விநாடி என்றும் அதில் குறித்திருந்தார்கள். பிளவின்போதே பாய்ந்து வரும் நியூட்ரான்களைப் பற்றிப் பாரிஸில் ஜோலியோ, ஹால்பன், கோவார்ஸ்கி மூவரும் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு வெளியானது அதற்குப் பின்புதான். ஆகவே தொடர்வினையைச் சாத்தியமாக்கும் நியூட்ரான்களைவிட, அதை அடக்கி ஆளச் சாத்தியமாக்கும் நியூட்ரான்களே முதலில் அச்சேறின. குண்டுக்கான வழி தெரிவதற்கு முன்பே உலைக்கான கடிவாளம் கையில் கிடைத்திருந்தது; அது கடிவாளம் என்று புரியத்தான் நாளாயிற்று.

அந்த 12.5 விநாடி எந்த ஒரு தனி அணுக்கருவின் காலமும் அல்ல என்பது விரைவில் வெளிப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பூத், டன்னிங், ஸ்லாக் ஆகியோர் அதே ஆண்டில் இரண்டு காலங்களைப் பிரித்துக் காட்டினர். அவற்றில் ஒன்று முக்கால் நிமிடத்தை ஒட்டியது. நியூட்ரான் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்ற கேள்விக்கு, 1939 செப்டம்பரில் வெளிவந்த தங்கள் பெரிய கட்டுரையில் போரும் ஜான் வீலரும் விடை தந்தார்கள். பிளவில் பிறக்கும் துண்டுகளில் நியூட்ரான்கள் மிதமிஞ்சி இருக்கின்றன. அத்தகைய அணுக்கரு பீட்டா சிதைவால் ஒரு நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றிக்கொள்ளும். அப்போது பிறக்கும் அடுத்த அணுக்கரு சில வேளைகளில் மிகுந்த கிளர்ச்சியோடு பிறக்கிறது. அந்தக் கிளர்ச்சி ஆற்றல், கடைசி நியூட்ரானைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றலைவிட அதிகமாக இருந்தால் நியூட்ரான் உடனே கழன்று ஓடிவிடுகிறது. அது கழன்று ஓட நேரமே ஆவதில்லை. காத்திருப்பதெல்லாம் அதற்கு முந்தைய பீட்டா சிதைவுதான். நியூட்ரான்களை எண்ணும்போது தெரியும் அரை ஆயுட்காலம் உண்மையில் தாய் அணுக்கருவின் அரை ஆயுட்காலம். பிந்தி வரும் நியூட்ரானை அளப்பவர், தாய் அணுக்கருவின் ஆயுளையும் அது எத்தனை முறைக்கு ஒருமுறை நியூட்ரானை உதிர்க்கிறது என்பதையும் ஒருசேர அளக்கிறார்.

இந்த அளவை உலையின் வடிவமைப்புக்குள் கொண்டுவந்தது சிகாகோ. சோவியத் ஒன்றியத்தில் சேல்டோவிச்சும் கரிட்டோனும் 1940-லேயே, தொடர்வினையை ஆளுவதில் இந்த நியூட்ரான்களுக்குப் பங்குண்டு என்று எழுதியிருந்தார்கள். சிகாகோவில் ஆர்தர் ஸ்னெல் தலைமையில் ஒரு குழு, சைக்ளோட்ரானால் யுரேனியத்தைத் தாக்கி, கற்றையை நிறுத்தி, வரும் நியூட்ரான்களை நேரத்தோடு எண்ணித் தேய்வுக் கோட்டை வரைந்தது. போர்க்கால ரகசியத்தால் இந்த வேலை 1947-இல்தான் வெளியானது. ஆனால் அதன் பயன் 1942 டிசம்பர் 2-ஆம் தேதியே வெளிப்பட்டது. அன்று ஸ்டாக் ஃபீல்டு மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், கிராஃபைட்டும் யுரேனியமும் அடுக்கிய முதல் உலையை என்ரிகோ ஃபெர்மி ஓட்டிக் காட்டினார். ஜார்ஜ் வீல் கையாலேயே கேட்மியத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். லியோனா வுட்ஸ் செய்து கொடுத்த போரான் டிரைபுளூரைடு எண்ணிகள் நியூட்ரான்களைக் கணக்கிட்டன. தொடர்வினை தானாக ஓடத் தொடங்கியபோது எண்ணிக்கை நிமிடக் கணக்கில்தான் ஏறியது. கையால் தண்டை இழுத்து ஒரு உலையை ஓட்டலாம் என்ற துணிவு வெறும் துணிவல்ல. பின்தங்கி வரும் பங்கு எவ்வளவு, எத்தனை விநாடி பின்தங்குகிறது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு வந்த துணிவு.

ஸ்னெல் குழுவினர் தேய்வுக் கோட்டை வரைந்ததோடு நிறுத்தாமல் இன்னும் ஆழமாகப் போனார்கள். நீண்ட காலம் கொண்ட நியூட்ரான்கள் எந்தத் தனிமத்திலிருந்து வருகின்றன என்று கண்டுபிடிக்க, பிளவுத் துண்டுகளை வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும் பொருளைக் கரைத்து, பிரித்து, எண்ணியின் முன்னால் கொண்டுபோய் வைப்பது சாமானிய வேலையல்ல. 56 விநாடி நியூட்ரான்கள் புரோமினைத் தொடர்ந்து சென்றன. 23 விநாடி நியூட்ரான்கள் அயோடினைத் தொடர்ந்து சென்றன. தாய்கள் புரோமின்-87, அயோடின்-137 என்று உறுதியானது. இவற்றின் பீட்டா சிதைவில் பிறப்பவை கிரிப்டான்-87, செனான்-137. முதலாவதில் 51 நியூட்ரான்கள், இரண்டாவதில் 83. மரியா கோப்பர்ட் மேயர் 1948-இல் 50, 82 ஆகிய எண்களில் அணுக்கருவின் கூடுகள் நிறைந்து முழுமையடைகின்றன என்று வாதிட்டபோது, அடுக்கிய சான்றுகளில் இதுவும் ஒன்று. அன்று அடையாளம் தெரிந்திருந்த இரண்டு நியூட்ரான் உமிழிகளும் முழுக்கூட்டுக்கு மேல் ஒரே ஒரு நியூட்ரானைத் தாங்கி நின்றன. அந்த ஒன்று மட்டும் தளர்வாகக் கட்டுண்டிருந்ததால்தான் எளிதாகக் கழன்றது. கிரிப்டான்-87 தன் கடைசி நியூட்ரானைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்; புரோமின்-87 சிதையும்போது கிடைக்கும் மொத்த ஆற்றல் சுமார் 6.8. இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் எல்லாம் நடக்கிறது. நூறு புரோமின்-87 அணுக்கருக்கள் சிதைந்தால் இரண்டு அல்லது மூன்றுதான் நியூட்ரானை உதிர்க்கின்றன. உலைக்காகத் தொடங்கிய எண்ணிக்கை அணுக்கருவின் உள்ளமைப்புக்குச் சாட்சி சொன்னது. மேயருக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம். நியூட்ரான்கள் தாமதமாக வருவது இயற்கையின் ஏற்பாடு; யாரும் அளக்காமல் இருந்திருந்தாலும் ஃபெர்மியின் உலை மெதுவாகத்தான் ஏறியிருக்கும்; அப்படியிருக்க அளந்தவர்களுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு எல்லைக்கு உட்பட்டது. பெருக்கம் ஆயிரத்தில் ஆறரை என்ற அளவைத் தாண்டிவிட்டால், பிந்தி வருபவற்றுக்குக் காத்திராமல் உடனே பிறக்கும் நியூட்ரான்களே தொடர்வினையை நடத்திவிடும். மெதுவான உலகம் முடிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்கும் உலகம் தொடங்கிவிடும். அந்த எல்லையை எண்ணாகத் தெரிந்துகொள்ளாதவருக்கு, தான் அதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பது தெரியாது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1945 ஆகஸ்டில் ஹாரி டாக்லியனும், 1946 மே மாதத்தில் லூயிஸ் ஸ்லோட்டினும் புளூட்டோனியக் கோளத்தைக் கையால் கையாண்ட சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளாகி உயிரிழந்தார்கள். புளூட்டோனியம்-239-இல் பிந்தி வரும் பங்கு ஆயிரத்தில் இரண்டை ஒட்டியதுதான். யுரேனியம்-235-இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. இயற்கை கொடுத்த இடைவெளி எரிபொருளுக்கு எரிபொருள் மாறுகிறது. அது எவ்வளவு என்று அளந்தவரால் மட்டுமே அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும்.

அந்த அளவுகளை எல்லா முக்கிய எரிபொருள்களுக்கும் ஒரே முறையில் எடுத்தவர்கள் லாஸ் அலமோஸின் ராபர்ட் கீப்பின், விமெட், சைக்லர் மூவரும், ஆண்டு 1957. அவர்களுடைய நியூட்ரான் மூலம் கொடைவா என்ற சாதனம்: சுற்றிலும் எந்தப் பிரதிபலிப்புச் சுவரும் இல்லாத, செறிவூட்டிய யுரேனியக் கோளம். அதை மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு வெடிப்பாக ஓட்டினால் குறுகிய ஆயுள் கொண்ட தாய் அணுக்கருக்கள் மேலோங்கித் தெரியும். நீண்ட நேரம் சீராக ஓட்டினால் நீண்ட ஆயுள் கொண்டவை சேர்ந்து நிறையும். ஒரே மாதிரியை இருவிதமாகவும் தாக்கியதால், ஒன்றில் மறையும் பகுதி மற்றதில் வெளிப்பட்டது. தாக்கிய சில கிராம் மாதிரியைக் காற்றழுத்தக் குழாய் வழியாக எண்ணிக்குள் அனுப்பினார்கள்; கால் விநாடியில் பாதியாகும் நியூட்ரான்களை எண்ண வேண்டுமென்றால், மாதிரி போய்ச் சேரும் நேரம் அதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் எந்தக் கருவியும் அதை நேரடியாக உணராது. மெழுகிலோ பாலிஎத்திலீனிலோ மோதவிட்டு வேகத்தைத் தணித்து, போரானிலோ ஹீலியம்-3-லோ பிடிபடச் செய்து, அப்போது பிறக்கும் மின்னூட்டத் துகள்களைத்தான் எண்ண வேண்டும். வேகம் மாறினால் பிடிபடும் வாய்ப்பும் மாறும் என்பதால், வெவ்வேறு வேகத்தில் வருபவற்றை ஏறத்தாழ ஒரே திறனோடு பிடிக்கும் நெட்டை எண்ணியை ஹான்சனும் மெக்கிபனும் 1947-இல் வடிவமைத்திருந்தார்கள். இப்படிக் கிடைத்த தேய்வுக் கோடுகளைக் கீப்பின் குழு ஆறு தொகுதிகளாகப் பிரித்தது. யுரேனியம்-235-க்கு அவை 55.72 விநாடியில் தொடங்கி 0.23 விநாடியில் முடிகின்றன. உலை இயக்கத்தைக் கற்பிக்கும் நூல்களில் இன்றும் அந்த அட்டவணை அச்சாகிறது.

ஆறு தொகுதிகள் போதுமென்றால், அதற்குப் பிறகும் ஒவ்வொரு அணுக்கருவாகத் தேடி அளந்தது எதற்கு என்ற கேள்வி அடுத்து எழுகிறது. உலைப் பொறியாளருக்கு மொத்தக் கோடு போதும். உள்ளே எந்த ஐசோடோப்பு என்ன செய்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் ஆறு தொகுதிகள் இயற்கையில் இருப்பவை அல்ல. கோட்டுக்குப் பொருந்தும்படி நாம் வகுத்துக்கொண்டவை. அதனால்தான் ஒவ்வொரு எரிபொருளுக்கும் தொகுதிகளின் அரை ஆயுட்காலங்கள் சற்றே மாறின. ஒரே புரோமின்-87 யுரேனியத்தில் ஒரு காலத்திலும் புளூட்டோனியத்தில் வேறு காலத்திலும் சிதைவதில்லை. இந்த முரணை நீக்க, 2002-இல் எல்லா எரிபொருள்களுக்கும் பொதுவான எட்டுத் தொகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன. முதல் தொகுதி புரோமின்-87-இன் 55.6 விநாடியேதான். தனித்தனி அணுக்கருக்களை அளந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பெர்லோவும் ஸ்டெனியும் புரோமின், அயோடின் குடும்பத்தின் குறுகிய ஆயுள் உறுப்பினர்களை 1950-களில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். பின்னர் சுவீடனின் ஸ்டுட்ஸ்விக்கில் ஒசிரிஸ், ஜெனீவாவில் ஐசோல்ட் முதலிய கருவிகள், பிளவில் பிறக்கும் அணுக்கருக்களை நிறையால் பிரித்து நேரடியாக எண்ணியின் முன் கொண்டுவந்தன. கோஸ்டா ருட்ஸ்டாம், மைன்ஸ் நகரின் கார்ல்-லுட்விக் கிராட்ஸ் போன்றோர் பல்லாண்டுகள் இதையே தொழிலாகக் கொண்டார்கள். புதுவகை எரிபொருளோ, எரிந்து பழசான எரிபொருளோ உலைக்குள் வரும்போது அதற்கான கோட்டைப் புதிதாக அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தத் துண்டு எவ்வளவு பிறக்கிறது, அது எத்தனை விழுக்காடு நியூட்ரானை உதிர்க்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் கூட்டிக் கணக்கிடலாம்.

இந்த அளவீடு உலைகளோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லூயிஸ் அல்வாரெஸ் 1949-இல் நைட்ரஜன்-17 நான்கு விநாடி அரை ஆயுளோடு நியூட்ரான் உமிழ்வதை எழுதியபோதே, இது பிளவுத் துண்டுகளுக்கு மட்டும் உரிய குணமல்ல என்று தெளிவானது. லித்தியம்-11 ஒரு சிதைவில் இரண்டு நியூட்ரான்களை உதிர்ப்பது 1979-இல் கண்டறியப்பட்டது. மூன்று நியூட்ரான்களை உதிர்ப்பது அடுத்த ஆண்டு. தங்கம், பிளாட்டினம், யுரேனியம் போன்ற கன தனிமங்கள் பிரபஞ்சத்தில் உருவாவதற்கு நியூட்ரான்களை விரைந்து விழுங்கும் செயல்முறை ஒன்று வேண்டும் என்று 1957-இல் பர்பிட்ஜ் தம்பதி, ஃபவுலர், ஹாயில் நால்வரும், தனியாகக் கேமரூனும் வாதிட்டிருந்தார்கள். நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதிய நிகழ்வு 2017 ஆகஸ்ட் 17-இல் பதிவானபோது அந்தச் செயல்முறைக்குரிய களம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே பிறக்கும் அணுக்கருக்கள் நிலையான தனிமங்களாகச் சிதைந்து இறங்கும் வழியில் எத்தனை நியூட்ரான்களை உதிர்க்கின்றன என்பதைப் பொறுத்துத் தனிமங்களின் இறுதி அளவுகள் மாறும். அதை அளக்கத்தான் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் பிரைக்கென் என்ற கருவி அமைந்தது. பாலிஎத்திலீன் திரளுக்குள் 140 ஹீலியம்-3 குழாய்கள். நடுவில் சிலிக்கான் தகடுகள். அரிய அணுக்கரு வந்து சிலிக்கானில் தங்குகிறது; அங்கேயே பீட்டா சிதைவு பதிவாகிறது; பின் சில நூறு மைக்ரோவிநாடிகளுக்குள் நியூட்ரான் வேகம் தணிந்து ஏதோ ஒரு குழாயில் பிடிபடுகிறது. முறை வாஷிங்டனில் தொடங்கியதுதான். தாக்குவது, நிறுத்துவது, காத்திருப்பது, எண்ணுவது என்ற வரிசையில் இப்போது ஒவ்வொரு அணுக்கருவும் தனித்தனியாகக் கணக்கில் வருகிறது.

மிகக் கடுமையான மறுப்பு விபத்துகளிலிருந்து வருகிறது. 1961 ஜனவரி 3-ஆம் தேதி அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்.எல்-1 என்ற சிறு உலையில் நடுத்தண்டை அளவுக்கு மீறி உயர்த்தியதில் மூன்று பேர் இறந்தார்கள். 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபில் வெடித்தது. இரண்டு இடத்திலும் பிந்தி வரும் நியூட்ரான்கள் எவ்வளவு என்பது அளந்து தெரிந்ததுதான். அந்த அறிவு யாரையும் காப்பாற்றவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. என் விடை இதுதான்: அளவு பாதுகாப்பைத் தந்துவிடாது, எது பாதுகாப்பு என்று சொல்லும் வாக்கியத்தை எழுத அது இல்லாமல் முடியாது. எஸ்.எல்-1-இல் ஒரே தண்டை ஒரு மனிதர் கையால் உயர்த்தி எல்லையைத் தாண்டிவிடும்படி வடிவமைத்தது தவறு. செர்னோபிலில் குளிர்நீர் ஆவியானால் பெருக்கம் கூடும் என்ற வடிவமைப்புக் குறையோடு, விதிமீறலும் சேர்ந்தது. எரிபொருளில் புளூட்டோனியம் சேரச் சேரப் பிந்தி வரும் பங்கு குறைந்து எல்லை நெருங்கி வருவதும் இயல்பு. இந்த இரண்டு விபத்துகளும் நமக்குப் புரிவதற்கே, உடனடி நியூட்ரான்கள் மட்டுமே தொடர்வினையை நடத்தும் எல்லை எது என்ற அளவு வேண்டியிருக்கிறது. அளவைப் புறக்கணித்தவர்களின் பிழையை அளவின் பயனின்மைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

கல்பாக்கத்தை எடுத்துக்கொண்டால் இந்த வாதம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று புரியும். அங்கே 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலையின் எரிபொருள் யுரேனியம்-233, தோரியத்திலிருந்து கிடைப்பது. அதில் பிந்தி வரும் பங்கு ஆயிரத்தில் 2.6 மட்டுமே, யுரேனியம்-235-இன் பங்கில் பாதிகூட இல்லை. தோரியத்தை நம்பி எழுதப்பட்ட இந்திய அணுசக்தித் திட்டத்துக்கு இந்த எண் ஒரு அடிக்குறிப்பு அல்ல. தலைப்பிலேயே இருக்க வேண்டியது. 1985 அக்டோபரில் அதே வளாகத்தில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படுகிறது. எரிபொருள் ஊசி ஒன்றின் உறையில் விரிசல் விட்டால் பிளவுத் துண்டுகள் சோடியத்தில் கலந்துவிடும். உலை ஓடும்போது யாரும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் சோடியம் ஓடும் பாதையில் எண்ணிகளை வைத்தால், கலந்து வரும் புரோமினும் அயோடினும் தாங்கள் உதிர்க்கும் நியூட்ரான்களால் விரிசலைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. சிகாகோவில் வேதியியலால் அடையாளம் கண்ட அதே இரண்டு தனிமங்கள்தான் இங்கே காவல் வேலை பார்க்கின்றன. ஒரு மாதிரியில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்பதை அதைக் கரைக்காமலே சொல்லும் முறையும், கழிவுப் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் பிளவுப் பொருளைத் தேடும் முறையும் இதே எண்ணிக்கையிலிருந்து பிறந்தவை. கீப்பினே 1960-களின் பிற்பகுதியிலிருந்து அணுப்பொருள் கண்காணிப்பைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், அணுக்கருவின் கதையை நாம் சொல்லிவரும் விதம் குறைபட்டது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. பிளவு, தொடர்வினை, குண்டு, மின்சாரம் என்று பெரிய நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவற்றை மனிதக் கைக்குள் அடங்கச் செய்த சிறு பங்கையும் அதை விநாடி விநாடியாக எண்ணியவர்களையும் விட்டுவிடுகிறோம். அவர்களுடைய வேலையில் ஒரே நாளில் உலகை மாற்றிய தருணம் எதுவும் இல்லை. பிழை வரம்பைச் சற்றுக் குறைத்தது, ஒரு தொகுதியை இரண்டாகப் பிரித்தது, ஒரு விழுக்காட்டைத் திருத்தியது என்று எண்பது ஆண்டுகள் சேர்த்த சிறுவாடு அது. உலைக்கு அருகில் வாழும் மக்கள் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கும், கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை பெறுவதற்கும் அந்த எண்களே அடித்தளம். பள்ளிப் பாடமானாலும் செய்திக் கட்டுரையானாலும், கட்டுப்பாட்டுத் தண்டைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளாமல், தண்டு இறங்குவதற்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதையும் தமிழில் எழுதுவோர் இனிச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.